கத்திப்பாராவுக்குத் தெற்கே வெளிநாடு

என் முப்பத்தோரு வருட சர்வீஸில் போலீஸ் ஆபீஸ் படியை மிதித்தது இரண்டே தடவை. இரண்டும் ஒரே மாதத்தில். திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கம்பெனி முகவரியை ஒரு கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் டைப் அடித்திருந்தேன். அதுதான் நான் செய்த குற்றம். எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன் வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து பேங்க் கொடுக்கிற எல்.சி. பற்றியும் ஷிப்பிங் பில் பற்றியும் கேட்கிறார்கள். முகவரி எழுதுவது எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

1. சென்னை-44

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் பட்டறை. தோல் பதனிடுகிற டிரம் செய்தோம். படுக்க வைத்த ராட்சதப் பீப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்குப் பலகைகளை வட்டமாக அடுக்கி இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, மோட்டார் வைத்துச் சுற்ற விடுவோம். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் சேர்ந்து புரளும். ஒரு ஆள் உள்ளே நின்று கையைத் தூக்கினாலும் அதற்கு மேலே இடம் இருக்கும்.

முதலாளி ஜமால் பாய். அவர் அப்பா பச்சைத்தோல் வியாபாரி, இவர் டிரம் வியாபாரி. நல்ல மனிதர்தான். ஆனால் அந்தச் சமயத்தில் தொழில் படுத்துவிட்டது. தோல் பதனிடுகிற உள்ளூர் டேனரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. செய்து முடித்த டிரம் நான்கு வாங்க ஆளில்லாமல் நின்றது. நிலத்துக்கு மட்டும் விலை ஏறிக்கொண்டே போனது. வாரம் தவறாமல் ஒரு பிளாட் புரோமோட்டர் அளவு டேப்போடு வந்து நிற்பார். ஒருநாள் என் பக்கத்தில் நின்று, "உங்க டேபிள் இருக்கிற எடத்துலதாம்மா லிஃப்ட் வருது" என்று சந்தோஷமாகச் சொன்னார். பாய் பொங்கல் வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ஆர்டர் வராவிட்டால் இடத்தை புரோமோட்டருக்குக் கொடுத்துவிடுவார். பட்டறையில் இருபத்தாறு பேர், ஆபீஸில் வசந்தா என்கிற நான் ஒருத்தி. நாற்பத்தேழு வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அப்போதுதான் கராச்சியிலிருந்து ரஃபீக் சாஹிபின் ஃபேக்ஸ் வந்தது. டேனரி வைத்திருப்பவர். இத்தாலி டிரம் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. நான்கையும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் நேரில் வந்து பார்த்த பிறகுதான் என்று எழுதியிருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் போயிருக்கும். சண்டை போட்ட இரண்டு நாடுகளின் தலைவர்களும் கை குலுக்குகிற படம் அடிக்கடி பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். வர்த்தகம் வளர வேண்டும் என்று இரண்டு பக்கமும் பேசினார்கள். பேசினவர்கள் யாரும் ஃபாரம் நிரப்பவில்லை. நான் நிரப்பினேன்.

அழைப்புக் கடிதம் அடித்தேன். முகவரி: குரோம்பேட்டை, சென்னை-44. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். நான் குடியிருக்கும் இரும்புலியூரிலிருந்து யாராவது கல்யாணப் பத்திரிகை அடித்தால்கூட 'சென்னை' என்று போட்டால்தான் சம்பந்தி வீட்டாருக்கு மரியாதை. அந்தக் கடிதத்தை வைத்து விசாவும் வந்தது. பத்து நாள் விசா.

பக்கத்து நாட்டுக்காரர் துபாய் வழியாக வந்து இறங்கினார். மறுநாளே அவரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பாயும் நானும் அவரை அழைத்துக்கொண்டு அதற்கான போலீஸ் ஆபீஸுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் பார்த்தார், விசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஃபேக்டரி எங்கம்மா?"

"குரோம்பேட்டை சார். சென்னை-44."

"அது போஸ்ட்மேனுக்குச் சென்னை. எங்களுக்கு அது காஞ்சிபுரம் மாவட்டம். இவர் விசாவுல சென்னை மட்டும்னு போட்டிருக்கு. கத்திப்பாரா ஜங்ஷன்தான் எல்லை, அதுக்கு அந்தாண்ட கால் வைக்கக் கூடாது."

எனக்கு ஆத்திரம் வந்தால் வாய் நிற்காது. அப்படியானால் ஏர்போர்ட்டும் காஞ்சிபுரம் மாவட்டம்தானே, அவர் விமானம் இறங்கியதே தப்பா என்று கேட்டுவிட்டேன். பாய் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். இன்ஸ்பெக்டர் யோசித்தார்.

"எறங்கலாம்மா. நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது" என்றார்.

2. டிரம்முக்கு விசா வேண்டாம்

விசாவைத் திருத்த டெல்லிக்கு எழுத வேண்டுமாம். பதில் வர ஆறு வாரம். ரஃபீக் சாஹிபுக்கு இருந்தது ஒன்பது நாள்.

அவரும் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை. டிரம்முக்கு உள்பக்கம் தோலைத் தூக்கிப் புரட்டுவதற்காக வரிசையாக மர ஆப்பு வைத்திருப்போம். ஒரு ஆப்பின் முனை கூராக இருந்தாலும் தோலில் கீறல் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆப்பையும் கையால் தடவித்தான் வாங்குவார்கள். போட்டோவில் தடவ முடியுமா?

இதில் இன்னொரு கூத்து. இன்ஸ்பெக்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாரும் பாயும் ரஃபீக் சாஹிபும் உருதுவில் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். பாய்க்கு உருது சுட்டுப்போட்டாலும் வராது. அவர் பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் தமிழ் பேசினவர்கள். மாலை வகுப்பில் இந்திப் பரீட்சை நான்கு பாஸ் செய்தவள் நான் ஒருத்திதான். நெற்றியில் குங்குமத்தோடு நடுவில் உட்கார்ந்து இரண்டு முஸ்லிம்களுக்கு நான் மொழிபெயர்த்தேன். என் இந்தியோ பாடப் புத்தக இந்தி. நான் 'நிரீக்ஷண்' என்றேன், அவர் விழித்தார். அவர் 'முஆயினா' என்றார், நான் விழித்தேன். கடைசியில் இரண்டு பேரும் 'இன்ஸ்பெக்ஷன்' என்று சொல்லி நிம்மதியானோம். இரண்டு நாட்டையும் ஆண்டுவிட்டுப் போனவன் அந்த ஒரு உபகாரத்தையாவது செய்திருந்தான்.

வழி கண்டுபிடித்தவர் தேசிங்கு மேஸ்திரி. டிரம் கட்டுவதில் எங்கள் பட்டறையில் அவருக்கு மேல் ஆள் கிடையாது.

"அவரு இங்க வரக்கூடாது, அவ்ளோதான? டிரம்மு அங்க போலாமில்ல? அதுக்கு இன்னா விசாவா கேக்கப் போறான்?"

கேட்டவுடன் எல்லாரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது, ஏனென்றால் வேறு வழி இல்லை. கிண்டி எஸ்டேட்டில் பாயின் நண்பருக்கு ஒரு காலி ஷெட் இருந்தது. கிண்டி, சென்னைக்குள் வருகிறது. ஒரு டிரம்மைப் பலகை பலகையாகக் கழற்றி நம்பர் போட்டோம். லாரியில் ஏற்றி, மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த கத்திப்பாரா புழுதியில் இரண்டு மணி நேரம் நின்று, எல்லையைக் கடந்தோம். வழியில் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் மட்டும் இது கோயில் தேரா என்று விசாரித்தார்.

ரஃபீக் சாஹிபோடு எந்நேரமும் இருக்க மப்டியில் ஒரு ஏட்டைப் போட்டிருந்தார்கள். தங்கராஜ் என்று பெயர். ஐம்பது வயது, முழங்கால் வலி. சாஹிப் எங்கே போனாலும் பின்னாலேயே போய் எழுதிக்கொள்ள வேண்டும். டிரம் வந்து சேரும் வரை மூன்று நாள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. விசாவுக்குள் அடங்கி, பக்கத்திலேயே இருந்த இடம் பாம்புப் பண்ணைதான். நான்கு தடவை போனார்கள். கடைசித் தடவை டிக்கெட் கொடுப்பவர் இவர்களைப் பார்த்து வணக்கம் வைத்தாராம்.

ஐந்தாம் நாள் ஷெட்டில் டிரம்மைத் திரும்பக் கட்டினார் தேசிங்கு. சாஹிப் கோட்டைக் கழற்றிவிட்டு டிரம்முக்குள் இறங்கினார். பிரிவினையைப் பற்றி ஏதாவது சொல்வார், கண் கலங்குவார் என்று நான் மனதுக்குள் இந்தி வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். மனிதர் அரை மணி நேரம் ஆப்பு தடவினார். வெளியே வந்து பேரிங் என்ன மேக் என்று கேட்டார்.

பிறகு தண்ணீர் விட்டோம். கொட்டியது பாருங்கள்! இருக்கிற இடுக்கெல்லாம் ஒழுகியது. கழற்றி வெயிலில் கொண்டுவந்ததில் பலகை காய்ந்து சுருங்கிவிட்டிருந்தது. தேசிங்கு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த லிஃப்ட் கண் முன்னால் மேலும் கீழும் போயிற்று.

சாஹிப் ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். மரத்துக்குத் தாகம், குடிக்கட்டும், இரண்டு நாள் தண்ணீர் விடுங்கள் என்றார். மரம் ஊறி ஊதினால் இடுக்கு தானாக அடைபடும். அது தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். சாஹிபுக்கும் தெரிந்திருந்தது. தேசிங்குவுக்கு நான் அதை மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் மேஸ்திரி ஹோஸ் பைப்பை எடுத்துவிட்டார்.

இரண்டு நாளும் தண்ணீர் விட்டார்கள். ஒரு கட்டத்தில் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஏட்டு தங்கராஜ். கண்காணிப்பு அறிக்கையில் அதை எழுதினாரா என்று தெரியாது.

3. துண்டு

எட்டாம் நாள் காலையில் டிரம் ஒரு சொட்டு ஒழுகாமல் சுற்றியது. இனி விலை பேச வேண்டியதுதான். நான் பேப்பர் பேனாவோடு நடுவில் போய் உட்கார்ந்தேன். பாய் என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். சாஹிப் முகத்தில் அன்றுதான் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன். அவரும் கையை நீட்டினார். இரண்டு கையையும் துண்டு மூடியது.

சந்தையில் மாடு விற்கிறவர்களும் பச்சைத்தோல் வியாபாரிகளும் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து அமுக்குவதுதான் பேச்சு. எந்த விரல், எத்தனை விரல் என்பதில் கணக்கு இருக்கிறது. பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது, பேரம் முறிந்தாலும் யாருக்கும் மானம் போகாது. பாய் அதை அப்பாவிடம் கற்றார். சாஹிப் கராச்சி மண்டியில் கற்றிருக்கிறார். பத்து நிமிடம் ஒரு வார்த்தை இல்லை. நடுவில் ஒருவர் முகத்தைச் சுளித்தார், இன்னொருவர் சிரித்தார். துண்டை எடுத்தபோது நான்கு டிரம்மும் விற்றாகிவிட்டிருந்தது. நான்கு பரீட்சை பாஸ் செய்து நான் கற்ற இந்தி தேவையே படவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏட்டு என் பக்கத்தில் வந்து, என்ன பேசினார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். நீங்கள்தானே டிரான்ஸ்லேட்டர் என்றார். அவர்கள் பேசவே இல்லையே என்றேன். சத்தியமான பதில். போலீஸ்காரரிடம் சொல்லக் கூடாத பதிலும் அதுதான்.

மறுநாள் சாஹிபுக்கு மாலையில் விமானம். கிளம்புவதற்கு முன் அதே ஆபீஸில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து விழுந்தால்தான் ஊருக்குப் போக முடியும், ஊருக்குப் போனால்தான் அட்வான்ஸ் அனுப்ப முடியும். இன்ஸ்பெக்டர் ஒரு பேப்பரை எடுத்துப் படித்தார். தங்கராஜின் அறிக்கை.

"மேற்படி இருவரும் துண்டால் கைகளை மறைத்து, சுமார் பத்து நிமிடம் ரகசியக் குறிகள் பரிமாறிக்கொண்டனர். இடையிடையே சிரித்தனர்."

தங்கராஜ் மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்ன செய்வார்? பார்த்ததைத்தானே எழுதினார். பாய் விளக்கிச் சொன்னார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. இந்த அறிக்கை மேலே போனால் சாஹிப் மறுபடி இந்தப் பக்கம் தலை வைக்க முடியாது, பாயைக் கூப்பிட்டு வாரக்கணக்கில் விசாரிப்பார்கள், ஆர்டர் கைவிட்டுப் போகும்.

பாய் எழுந்தார்.

"சார், வெளிய நிக்கிற உங்க பைக்கை நான் வாங்கறேன்னு வச்சிக்கோங்க. கையக் குடுங்க."

துண்டு இன்ஸ்பெக்டர் கைமேல் விழுந்தது. எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று பாய் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அதற்குள் இன்ஸ்பெக்டரின் முகம் மாறிவிட்டது. தெரியும் தெரியும் என்றார். அவர் ஊர்ப் பக்கம் பெரிய மாட்டுச் சந்தை உண்டாம், சித்தப்பா தரகராம். அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். இன்ஸ்பெக்டர் நெற்றியில் வேர்த்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னா பாய், போன வருஷம்தான் இன்ஜின் வேலை பாத்தேன். இவ்ளோ அடிமாட்டு விலைக்குக் கேக்கறீங்க?"

சாஹிபுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

கையெழுத்து விழுந்தது. ஆனால் அறிக்கையைக் கிழிக்க முடியாது, நம்பர் போட்டாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு துணை அறிக்கை வைக்கலாம் என்றார்கள். அதை எப்படி எழுதுவது என்று ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. நானே எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி துண்டு வியாபார நிமித்தம் பயன்படுத்தப்பட்டது. துண்டினால் பொது அமைதிக்குப் பங்கம் ஏதும் நேரவில்லை.' தங்கராஜ் அதைப் பார்த்து அழகாகப் படி எடுத்தார்.

4. அந்தப் பக்கத்து வசந்தா

டிரம்கள் கப்பலேறின. நேராகப் போக வழி இல்லை. கொழும்பு போய், அங்கே வேறு கப்பல் மாறி, ஒரு மாதம் கழித்துக் கராச்சி போயின. பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க ஊரைச் சுற்றிப் போன மாதிரி.

ஆனால் ஒரு கண்டிஷன் பாக்கி இருந்தது. எங்கள் ஆள் நேரில் போய், ஒழுகாமல் ஓட்டிக் காட்டினால்தான் ஆர்டர் முடிந்ததாக அர்த்தம். அது முடிந்தால் இன்னும் ஆறு டிரம் எடுப்பதாக சாஹிப் வாக்குக் கொடுத்திருந்தார். திருப்பதிக்கு வடக்கே போகாத தேசிங்கு மேஸ்திரிக்குப் பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு நாலு மாதம் காத்திருந்தோம். பொங்கல் வந்து போயிற்று. பாய் ஆடி வரைக்கும் என்று தவணையை நீட்டினார். புரோமோட்டர் டேப்பைச் சுருட்டவில்லை.

தேசிங்கு போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் ஆபீஸ் போன் அடித்தது.

"யக்கா, ஒரு பேஜாரு. நம்ம டிரம்மு கீற எடம் கராச்சியே இல்லியாம். ஆத்துக்கு அந்தாண்ட வேற மாகாணமாம். என் விசாவுல கராச்சின்னு மட்டும் போட்டுகீது. லாட்ஜிலயே குந்திகினு கீறேன்."

நான் சாஹிபின் லெட்டர்ஹெட்டை எடுத்துப் பார்த்தேன். கராச்சி என்றுதான் பளபளவென்று அச்சடித்திருந்தது. ஒரு நிமிடம் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இவ்வளவு பெரிய டேனரி நடத்துகிறவர்கள், சொந்த முகவரி எழுதத் தெரியாதா என்று கத்தப் போனேன். அதற்குள் போனை அவர்கள் கிளார்க் வாங்கிக்கொண்டார். பெண் குரல். பெயர் நஸ்ரீன். பயந்துபோயிருந்தார். எங்கள் பக்கம் எல்லாரும் கராச்சி என்றுதான் எழுதுவோம் மேடம், தபாலெல்லாம் அப்படித்தான் வருகிறது மேடம் என்று படபடவென்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, டிரம் ஓடாவிட்டால் என் வேலை போய்விடும் என்றார்.

அதற்கு மேல் எங்கே கத்துவது? என் குரலை நானே போனில் கேட்ட மாதிரி இருந்தது. பாடப் புத்தக இந்தியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தெரிந்த வார்த்தைகளை எல்லாம் போட்டுச் சொன்னேன். ஒரு டிரம்மைக் கழற்றுங்கள், பலகைக்கு நம்பர் போடுங்கள், ஆற்றைத் தாண்டி ஊருக்குள் ஒரு காலி ஷெட்டுக்குக் கொண்டுவாருங்கள். கட்டினவுடன் யாருக்கும் காட்டாதீர்கள், இரண்டு நாள் தண்ணீர் விடுங்கள். ஒழுகும், பயப்படாதீர்கள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

போன் மறுபடி தேசிங்கு கைக்குப் போனது. கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"இங்கயும் ஒரு ஏட்டு கீறாருக்கா. மப்டில. தங்கமான மனுசன், முட்டி வலியாம். டீ வாங்கிக் குட்த்தாரு."

"சரி மேஸ்திரி. அவர் இருக்கிறப்ப தோள்ல துண்டு மட்டும் போடாதீங்க" என்றேன்.

டிரம் ஓடியது. ஒழுகவில்லை. ஆறு டிரம் ஆர்டரும் வந்தது, அதற்குப் பிறகு இன்னும் சில வந்தன. புரோமோட்டர் தெருக்கோடியில் வேறு இடம் பார்த்துக்கொண்டார். என் டேபிள் இருந்த இடத்தில் லிஃப்ட் வரவில்லை. ரிடையர் ஆகிற நாள் வரைக்கும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

நஸ்ரீனும் நானும் அதற்குப் பிறகு எத்தனையோ பேப்பர் அனுப்பிக்கொண்டோம். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இனிமேல் பார்ப்போம் என்றும் தோன்றவில்லை. அவர் அனுப்பிய முதல் புது லெட்டர்ஹெட்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஊர், ஆற்றுக்கு எந்தப் பக்கம், மாவட்டம், மாகாணம் என்று எல்லாம் இருக்கும். கம்பெனி பெயரைவிட முகவரி நீளம். நானும் எங்களுடையதை மாற்றி அடித்தேன். பிள்ளைகளே, நீங்களும் மாவட்டத்தை எழுதுங்கள்.